டாம் ஆல்ட்டர்

தாமஸ் பீச் ஆல்ட்டர் (ஜூன் 22, 1950 - செப்டம்பர் 29, 2017) என்பவர் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி, மேடை நடிகர் ஆவார். டாம் ஆல்ட்டர் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்ட இவர், அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த இந்தியர். இந்தித் திரைப்படங்களில் குணச்சித்திர வேடங்களில், பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரியாகவும் வெளிநாட்டவராகவும் தோன்றினார். 1976 முதல் 2017 வரையிலான நாற்பதாண்டுக் காலத்தில் 300-க்கும் மேற்பட்ட திரைப்படங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் நடித்துள்ளார். உருது மொழியில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். மௌலானா அபுல் கலாம் ஆசாத், மிர்சா காலிப், பகதூர் ஷா சஃபர் ஆகியோரின் வேடங்களை மேடையில் ஏற்றுப் புகழ்பெற்றார். விளையாட்டு எழுத்தாளராகவும் நூலாசிரியராகவும் விளங்கினார். 2008-ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மசிறீ விருதைப் பெற்றார்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி நேயர்கள் இவரை முதன்மையாக 1990களில் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு ஒளிபரப்பான ஜுனூன் தொடரின் கேசவ் கல்சி என்ற நிழலுலகத் தலைவனாக அறிவர்.

== குடும்பப் பின்னணி ==

ஆல்ட்டரின் பாட்டனாரும் பாட்டியாரும் அமெரிக்காவின் ஒகைய்யோ மாநிலத்தைச் சேர்ந்த பிரெசுபிட்டேரியன் திருச்சபையினர். மறைப்பணிக்காகக் கப்பலில் புறப்பட்டு 1916 நவம்பரில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். இந்திய மண்ணில் இக்குடும்பம் முதன்முதலாகக் கால் பதித்த இடம் சென்னையே. அங்கிருந்து வடக்கே சென்று லாகூரில் குடியேறினர். ஆல்ட்டரின் தந்தை அன்றைய பஞ்சாப் மாகாணத்திலிருந்த சியால்கோட்டில் பிறந்தார்.

1947-இல் நாடு பிரிவினையானபோது இக்குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. பாட்டனாரும் பாட்டியாரும் பாக்கித்தானில் தங்கிவிட, பெற்றோர் இந்தியாவுக்கு வந்தனர். வெள்ளையர் குடும்பமாக இருந்தும் எல்லைக்கோடு தங்கள் வீட்டின் நடுவே செல்வதைக் கண்ட குடும்பம் இது. பிற்காலத்தில் பிரிவினைக் கால ஆளுமைகளை ஆல்ட்டர் தொடர்ந்து மேடையேற்றியதைக் கருதும்போது இப்பின்னணி முக்கியத்துவம் பெறுகிறது.

பெற்றோர் அலகாபாத், ஜபல்பூர், சகாரன்பூர் ஆகிய ஊர்களில் பணியாற்றிய பின்னர், 1954-இல் தேராதூனுக்கும் முசோரிக்கும் இடையிலுள்ள ராஜ்பூரில் நிலையாகக் குடியமர்ந்தனர். ஆல்ட்டரின் தமக்கை மார்த்தா சென், முறைசாராத் தொழிலில் ஈடுபட்டுள்ள பெண்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுபவர். எழுத்தாளர் ஸ்டீபன் ஆல்ட்டர் இவருடைய நெருங்கிய உறவினர்.

== இளமையும் கல்வியும் ==

டாம் ஆல்ட்டர் 1950 ஜூன் 22 அன்று, அன்றைய உத்தரப் பிரதேசத்தின் (இன்றைய உத்தராகண்டம்) மலைவாழிடமான முசோரியில் பிறந்தார். அங்குள்ள வுட்ஸ்டாக் பள்ளியில் பயின்றார். வீட்டில் ஆங்கிலம், வெளியில் இந்துத்தானி என இரு மொழிச் சூழலில் வளர்ந்தார். வட இந்தியக் கிறித்தவ மறைப்பணியில் உருது மொழி நீண்டகாலம் வழிபாட்டு மொழியாகவும் நூல் மொழியாகவும் இருந்து வந்ததால், அம்மொழி இவருக்கு இளமையிலேயே காதில் விழுந்த மொழியாயிற்று.

பதினெட்டாம் வயதில் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்று யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு மனம் ஒன்றாமையால் ஓராண்டிலேயே இந்தியா திரும்பினார். பின்னர் அரியானா மாநிலம் ஜகாத்ரியிலுள்ள ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவர்களுக்குத் துடுப்பாட்டப் (கிரிக்கெட்) பயிற்சியும் அளித்தார்.

=== ஆராதனா ===

ஜகாத்ரியில் இருந்தபோது, ராஜேஷ் கன்னாவும் சர்மிளா தாகூரும் நடித்து 1969-இல் வெளிவந்த ஆராதனா என்ற இந்தித் திரைப்படத்தைக் கண்டார். அப்படமே தம் வாழ்வின் திசையை மாற்றியதாகப் பிற்கால நேர்காணல்களில் பலமுறை குறிப்பிட்டுள்ளார். திரைப்படத்தில் நடிக்க வேண்டும் என்பதைவிட, ராஜேஷ் கன்னாவைப் போல் காதல் நாயகனாக வேண்டும் என்பதே அன்று அவர் உள்ளத்தில் எழுந்த ஆவல்.

பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட இளைஞர் ஒருவர் இந்தித் திரையில் அத்தகைய நாயகனாவதற்கு அக்காலத்தில் வாய்ப்பு இருக்கவில்லை. அவர் விரும்பிய வேடத்துக்கும் அவருக்குக் கிடைத்த வேடங்களுக்கும் இடையிலான இந்த இடைவெளி அவருடைய திரைவாழ்வு முழுவதும் நீடித்தது.

== புனே திரைப்படப் பயிற்சி நிறுவனம் ==

1972-இல் புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் நடிப்புப் பிரிவில் சேர்ந்தார். புகழ்பெற்ற நடிப்பாசிரியர் ரோஷன் தனேஜாவிடம் 1974 வரை பயின்று, தங்கப் பதக்கத்துடன் தேர்ச்சி பெற்றார். நசிருதீன் ஷா, பெஞ்சமின் கிலானி ஆகியோர் இவருடன் அங்கு பயின்றவர்கள். இம்மூவரின் நட்பு பின்னர் ஒரு நாடகக்குழுவின் தோற்றத்துக்கு வழிவகுத்தது.

== திரைப்பட வாழ்க்கை ==

=== தொடக்கம் ===

ராமானந்த் சாகர் இயக்கிய சரஸ் (1976) ஆல்ட்டர் நடித்து முதலில் வெளிவந்த திரைப்படம். சேத்தன் ஆனந்தின் சாகேப் பகதூர் என்ற படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

=== சத்ரஞ்ச் கே கிலாடி ===

சத்யஜித் ராய் இந்தி-உருது மொழியில் இயக்கிய சத்ரஞ்ச் கே கிலாடி (1977) ஆல்ட்டருக்கு நற்பெயரைத் தேடித் தந்தது. பிரேம்சந்தின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட இப்படம், 1856-இல் அவத் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி இணைத்துக்கொண்ட நிகழ்வைப் பின்புலமாகக் கொண்டது. இதில் ரிச்சர்ட் அட்டன்பரோ தளபதி ஊட்ரமாகவும், அம்ஜத் கான் நவாப் வாஜித் அலி ஷாவாகவும் நடித்தனர். ஆல்ட்டர் ஏற்றது ஊட்ரமின் துணை அதிகாரியான கேப்டன் வெஸ்டன் வேடம்.

நவாபைப் பற்றி ஊட்ரம் வினவும் காட்சியில், வெஸ்டன் நவாபின் கவிதையை உருதுவில் சொல்லி, அதை ஆங்கிலத்தில் பெயர்த்தும் கூறுகிறார். அந்நாட்டின் மொழியையும் கலையையும் அறிந்து நேசிப்பவர் வெஸ்டன். அதை ஒரு குறையாகவே பார்ப்பவர் அவருடைய மேலதிகாரி. சில நிமிடங்களே நீளும் இக்காட்சி ஆல்ட்டரின் மொழித்திறன் திரைக்கதையின் தேவையோடு முழுமையாகப் பொருந்திய அரிய தருணங்களுள் ஒன்று. உருது தெரிந்த வெள்ளையர் என்பது இப்படத்தில் ஒரு வேடிக்கையாகக் காட்டப்படவில்லை. கதையின் உட்பொருளாகவே அமைந்தது.

=== ஆங்கிலேயர் வேடங்கள் ===

அதன்பின் இவருக்குக் கிடைத்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விடுதலைப் போராட்டக் கதையாயின் கொடுமைக்கார ஆங்கிலேய அதிகாரி, சமகாலக் கதையாயின் வெளிநாட்டுக் கடத்தல்காரன் அல்லது மருத்துவர் என்பது வழக்கமாயிற்று. மனோஜ்குமாரின் கிராந்தி (1981), ரிச்சர்ட் அட்டன்பரோவின் காந்தி (1982) ஆகியவற்றில் இவர் தோன்றினார். ஷியாம் பெனகல் 1857 எழுச்சியின் பின்னணியில் இயக்கிய ஜுனூன் என்ற திரைப்படத்திலும் நடித்தார் (பின்னர் வந்த அதே பெயருடைய தொலைக்காட்சித் தொடர் வேறு). கேத்தன் மேத்தாவின் சர்தார் (1993) திரைப்படத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவாக நடித்தார்.

தமிழ்த் திரைப்படங்களில் ஆங்கிலேயர் வேடங்களைத் தமிழ் நடிகர்களே ஏற்பது நெடுங்கால வழக்கம். வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) படத்தில் ஜாக்சனாக நடித்த சி. ஆர். பார்த்திபன் இதற்குத் தக்க சான்று. அவ்வேடங்களில் நடிகர் தமிழர் என்பதைப் பார்ப்பவர் அறிவர். பூச்சும் உடையும் பேச்சின் இழுவையுமே அவரை ஆங்கிலேயராக்கும். இந்தித் திரையுலகில் ஆல்ட்டருக்கு நேர்ந்தது இதற்கு மறுதலையானது. பூச்சு எதுவும் தேவைப்படாத தோற்றம் இருந்ததால், இந்தியில் இயல்பாகப் பேசக்கூடியவர் அம்மொழியைக் கொச்சையாகப் பேச வேண்டியிருந்தது. தவறாகப் பேசுவதே பல வேடங்களில் அவருடைய பணியாக இருந்தது.

அக்காலத்து இந்திப் படங்களில் அடிக்கடி காணப்பட்ட மற்றொரு வெள்ளையர் பாப் கிறிஸ்டோ (1938-2011). ஆஸ்திரேலியாவில் பிறந்த கிறிஸ்டோ வளர்ந்த பின்னர் இந்தியாவுக்கு வந்தவர். ஆல்ட்டரோ இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர். திரையில் இருவரும் ஒரே வகையில் ‘வெளிநாட்டவர்’ ஆகவே காட்டப்பட்டனர்.

=== மாறுபட்ட வேடங்கள் ===

தோற்றத்தைப் பொருட்படுத்தாமல் இவருக்கு இந்தியர் வேடம் அளித்த இயக்குநர்களும் உண்டு. அவ்வேடங்கள் எண்ணிக்கையில் சிலவே ஆயினும் குறிப்பிடத்தக்கவை.

* ராம் தேரி கங்கா மைலி (1985): ராஜ் கபூர் இயக்கிய இப்படத்தில் கதைத்தலைவி கங்காவின் அண்ணன் கரம் சிங்காக நடித்தார். கங்கோத்திரிப் பகுதி மலைவாசி வேடம் இது. ஆல்ட்டர் பிறந்து வளர்ந்த முசோரியும் அதே கர்வால் மலைநாட்டைச் சேர்ந்ததாகும்.
* பரிந்தா (1989): விது வினோத் சோப்ரா இயக்கிய இப்படத்தில் மும்பை நிழலுலகத்தைச் சேர்ந்த மூசா என்பவராக நடித்தார். நானா படேகர் ஏற்ற அண்ணா என்ற பாத்திரத்துக்குப் போட்டியாளர் இவர்.
* வீர்-சாரா (2004): யஷ் சோப்ரா இயக்கிய இப்படத்தில் மருத்துவர் யூசுப் என்ற வேடத்தில் தோன்றினார்.

கரம் சிங்காகவோ மூசாவாகவோ இவரைக் கண்ட பார்வையாளர்கள் கதையிலிருந்து விலகிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மொழியும் உடல்மொழியும் சரியாக அமைந்தபோது தோற்றம் தடையாக இருக்கவில்லை.

== தொலைக்காட்சி ==

=== சபான் சம்பால்கே ===

ஆங்கிலம் கற்க வரும் அயல்நாட்டினரைப் பற்றிய பிரித்தானிய நகைச்சுவைத் தொடரைத் தழுவி, 1990களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இந்தித் தொடர் சபான் சம்பால்கே. இதில் இந்தி வகுப்பு ஆசிரியராகப் பங்கஜ் கபூர் நடித்தார். இந்தியாவில் தங்கி இந்தி கற்கும் ஆங்கிலேய எழுத்தாளராக ஆல்ட்டர் நடித்தார். வகுப்பிலிருந்த நடிகர்களுள் நல்ல இந்துத்தானி அறிந்தவர்களில் ஒருவரே, அம்மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசும் மாணவராக நடித்தது இத்தொடரின் முரண்நகை.

=== ஜுனூன் ===

1990களில் தூர்தர்ஷனில் பல ஆண்டுகள் ஒளிபரப்பான ஜுனூன் தொடரில் கேசவ் கல்சி என்ற நிழலுலகத் தலைவனாக நடித்தார். பெயராலும் பின்னணியாலும் இந்தியரான இப்பாத்திரத்துக்கு வெள்ளையர் தோற்றமுடைய நடிகரைத் தேர்ந்தது அக்காலத்தில் புதுமை. நெடுந்தொடர் என்பதால் நேயர்கள் வாரந்தோறும் இவரைக் கண்டு பழகினர். திரைப்படங்கள் தராத பரவலான அறிமுகத்தை இத்தொடர் இவருக்குத் தந்தது.

இத்தொடர் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு ஒளிபரப்பாகித் தமிழ்நாட்டிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. கம்பிவடத் தொலைக்காட்சி முழுமையாகப் பரவாத காலம் அது. இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைப் போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் சிற்றூர்களில் வீட்டுக்கூரை அலைவாங்கி வழியாகக் கிடைத்த தூர்தர்ஷனே பலருக்கும் எட்டிய அலைவரிசை. ஆகவே தமிழ்நாட்டின் உட்பகுதிகளிலும் ஆல்ட்டரின் முகம் அறிமுகமாயிற்று.

=== ‘ஜுனூன் தமிழ்’ ===

நடிகர்களின் வாயசைவுக்குப் பொருந்தும்படி தமிழ் உரையாடல்களை அமைத்தபோது, சொற்கள் இயல்பான வரிசையிலிருந்து இடம் மாறின. தமிழில் வினைமுற்று பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். மொழிமாற்றத்திலோ, ‘தெரியும் எனக்கு, நீ எங்கே போனாய் என்று’ என்பது போன்ற அமைப்பில் வினைமுற்று முன்னே வந்தது. இந்நடை மக்களிடையே ‘ஜுனூன் தமிழ்’ எனக் கேலியாக வழங்கப்பட்டது. செயற்கையான மொழிமாற்ற நடை எதனையும் குறிக்கும் பெயராகவும் பின்னர் நிலைத்தது. தொடரைக் கண்டிராத இளந்தலைமுறையினரும் இத்தொடரை அறிந்திருப்பது பெரும்பாலும் இச்சொல் வழியாகவே.

இதன் மற்றொரு விளைவு அதிகம் பேசப்படவில்லை. ஆல்ட்டரின் கலைக்கு அடித்தளமாக இருந்தது அவருடைய குரலும் மொழித்தூய்மையும். தமிழ் நேயர்களுக்கு அவருடைய முகம் மட்டுமே வந்து சேர்ந்தது. குரல் வேறொருவருடையது, மொழியோ திருகலானது. இந்தித் திரையுலகம் அவரிடம் முகத்தை மட்டும் பார்த்தது போலவே, வேறு காரணத்தால், தமிழ்நாடும் அவருடைய முகத்தை மட்டுமே கண்டது.

=== பிற தொடர்கள் ===

கேப்டன் வியோம், பேத்தால் பச்சீசி ஆகிய தொடர்களிலும் நடித்தார். 1997 முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான, முகேஷ் கன்னா நாயகனாக நடித்த சக்திமான் தொடரில் மகாகுரு வேடத்தில் தோன்றினார். இத்தொடரின் வழியாகச் சிறுவர்களிடையேயும் அறிமுகமானார். உருது இலக்கியம் சார்ந்த உரையாடல் நிகழ்ச்சியொன்றையும் தொலைக்காட்சியில் நடத்தினார்.

== மேடை நாடகங்கள் ==

=== மோட்லி குழு ===

1979-இல் நசிருதீன் ஷா, பெஞ்சமின் கிலானி ஆகியோருடன் இணைந்து மும்பையில் மோட்லி என்ற நாடகக்குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் முதல் நாடகமாகச் சாமுவேல் பெக்கெட் எழுதிய கோடோவுக்காகக் காத்திருத்தல் (வெயிட்டிங் ஃபார் கோடோ) 1979 ஜூலை 29 அன்று பிருத்வி அரங்கில் மேடையேறியது. அவ்வரங்கம் மும்பை ஜுகுவில் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது.

=== மௌலானா ஆசாத் ===

2000களில் தில்லியைச் சேர்ந்த பியரோஸ் ட்ரூப் குழுவின் நாடகங்களில் தொடர்ந்து நடித்தார். அக்குழுவின் எம். சயீத் ஆலம் எழுதி இயக்கிய மௌலானா ஆசாத் என்ற தனிநபர் நாடகம் ஆல்ட்டரின் மேடை வாழ்வின் சிகரமாகக் கருதப்படுகிறது. விடுதலைப் போராட்டத் தலைவரும் இந்தியாவின் முதல் கல்வி அமைச்சருமான அபுல் கலாம் ஆசாத் (1888-1958) தம் நினைவுகளைக் கூறுவதாக அமைந்த இந்நாடகத்தில், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆல்ட்டர் ஒருவரே மேடையில் பேசி நடித்தார். செறிவான இலக்கிய உருதுவில் அமைந்த உரைப்பகுதி அது. துருக்கித் தொப்பி, செர்வானி, குறுந்தாடி ஆகியவற்றுடன் அவர் தோன்றியபோது பார்வையாளர் கண்டது ஆசாத்தையே என்பது நாடகத் திறனாய்வாளர்கள் பலரின் கருத்து.

ஆசாத் மெக்காவில் பிறந்தவர். இந்தியத் தேசியத்தின் தலைசிறந்த குரல்களுள் ஒன்றாக விளங்கியவர். அவரை மேடையில் உயிர்ப்பித்த ஆல்ட்டர் முசோரியில் பிறந்தவர். திரையில் காலமெல்லாம் அயலவராக நடித்தவர். ஒருவர் எந்த நாட்டினர் என்பதை முடிவு செய்வது பிறந்த இடமா, தோற்றமா, மொழியா, வாழ்ந்த வாழ்வா என்ற வினாவை இந்நாடகம் சொல்லாமலே எழுப்பியது.

=== பிற நாடகங்கள் ===

மிர்சா காலிப்பின் வேடத்தையும், கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா சஃபரின் வேடத்தையும் ஏற்றார். சல்மான் குர்ஷித் எழுதிய பாபரின் மைந்தர் (சன் ஆஃப் பாபர்) நாடகத்தில் சஃபராக நடித்தார். வில்லியம் டால்ரிம்பிளின் தில்லி பற்றிய நூலைத் தழுவிய நாடகத்தில் மூத்த நடிகை சோரா சேகலுடன் நடித்தார்.

திரையில் முகலாயரை வீழ்த்திய ஆங்கிலேயராக அறியப்பட்ட நடிகர், மேடையில் வீழ்த்தப்பட்ட முகலாயப் பேரரசராகத் தோன்றியது அவருடைய இரு துறைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை நன்கு விளக்கும்.

== மொழித்திறன் ==

ஆல்ட்டருக்கு ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மூன்றும் நன்கு தெரியும். உருதுவை அதன் எழுத்திலேயே படிக்கவும் எழுதவும் அறிந்திருந்தார். அவருடைய உச்சரிப்பு மேடையிலும் ஒலிபெருக்கியிலும் போற்றப்பட்டது.

அவருடைய இந்தியும் உருதுவும் பாராட்டப்படும்போது, அப்பாராட்டில் வியப்பும் கலந்திருப்பது வழக்கமாக இருந்தது. இந்தியாவில் பிறந்தவர் இந்தியாவின் மொழியைப் பேசுவதில் வியக்க ஒன்றுமில்லை என்பதே ஆல்ட்டரின் நிலைப்பாடு.

பிற நாடுகளிலிருந்து வந்தோர் இந்திய மொழிகளில் புலமை பெற்றதற்குத் தமிழில் பெரும் முன்னுதாரணங்கள் உண்டு. இன்றைய அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய, இத்தாலி நாட்டவரான வீரமாமுனிவர் (1680-1747) அவர்களுள் தலையாயவர். எனினும் ஆல்ட்டரை அவ்வரிசையில் வைப்பது முழுப்பொருத்தம் ஆகாது. வீரமாமுனிவர் வளர்ந்த பின்னர் வந்து தமிழைக் கற்று அதில் காப்பியம் இயற்றியவர். ஆல்ட்டருக்கு இந்துத்தானி கற்றுக்கொண்ட அயல்மொழியன்று. பிறந்து வளர்ந்த மண்ணின் மொழி.

== சீன-அமெரிக்க நடிகர்களுடன் ஒப்பீடு ==

பிறந்த நாட்டிலேயே தோற்றத்தின் காரணமாக அயலவர் வேடங்களுக்குள் ஒதுக்கப்படுவது ஆல்ட்டருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கத் திரைத்துறையில் சீன வம்சாவளிக் குணச்சித்திர நடிகர்களின் வாழ்க்கை இதற்கு இணையானது.

* கீ லூக் (1904-1991) சீனாவில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வளர்ந்தவர். 1930களின் சார்லி சான் துப்பறியும் படங்களில் சானின் மூத்த மகனாக நடித்தார். சீனரான சானாக நடித்தவரோ சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். 1972 முதல் 1975 வரை ஒளிபரப்பான குங் ஃபூ தொலைக்காட்சித் தொடரில் கண்பார்வையற்ற குரு போவாகக் கீ லூக் நடித்தார். அத்தொடரிலும் சீனக் கலப்புடைய கதைநாயகன் வேடம் வெள்ளையரான டேவிட் காரடைனுக்கே அளிக்கப்பட்டது.
* விக்டர் சென் யுங் (1915-1980) சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பொனான்சா தொடரில் சமையற்காரர் ஹாப் சிங்காகப் பல ஆண்டுகள் நடித்தார்.
* ஜேம்ஸ் ஹாங் 1929-இல் மினியாப்பொலிஸ் நகரில் பிறந்தவர். பிளேடு ரன்னர் (1982), குங் ஃபூ பாண்டா (2008), எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் (2022) உள்ளிட்ட நூற்றுக்கணக்கான படைப்புகளில் பங்கேற்றுள்ளார். ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இவருடைய பெயர் 2022-இல், இவருடைய 93-ஆம் வயதில்தான் பொறிக்கப்பட்டது.

திரையில் கிடைக்காத வேடங்களை மேடையில் தேடியதிலும் ஒற்றுமை காணப்படுகிறது. 1965-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆசிய-அமெரிக்க நடிகர்கள் ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் என்ற நாடகக்குழுவைத் தொடங்கினர். அதன் நிறுவனர்களுள் ஜேம்ஸ் ஹாங்கும் ஒருவர்.

வேறுபாடுகளும் உள்ளன. அமெரிக்காவில் சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை நடைமுறையில் இருந்தது. சீனர் வேடங்களிலும் முதன்மையானவை வெள்ளையருக்கே சென்றன. ஆல்ட்டர் அத்தகைய சட்டத் தடைகளுக்கு ஆளானவர் அல்லர். மேலும் அவருடைய தோற்றமே அவருக்குத் தொடர்ந்து வாய்ப்புகளைப் பெற்றுத் தந்தது. ஆகவே இருவகை நடிகர்களும் பட்ட இன்னலை ஒன்றெனக் கொள்ள இயலாது. நடிகரின் மொழியையும் பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளி, முகத்தைக் கொண்டு வேடம் தீர்மானிக்கும் முறையே இவ்விரு இடங்களுக்கும் பொதுவானது.

== விளையாட்டும் எழுத்தும் ==

துடுப்பாட்டத்தில் ஆல்ட்டருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. திரைத்துறையினரின் அணியில் ஆடியதோடு, 1980களிலும் 1990களிலும் இதழ்களில் விளையாட்டுக் கட்டுரைகள் எழுதி வந்தார். 1989 ஜனவரியில், பன்னாட்டுப் போட்டிகளில் அடியெடுத்து வைக்காத பதினைந்து வயதுச் சச்சின் டெண்டுல்கரை ஒளிப்பதிவுக் கருவியின் முன் நேர்காணல் செய்தார். டெண்டுல்கரின் முதல் நிகழ்பட நேர்காணலாக இது கருதப்படுகிறது. அவ்வாண்டு நவம்பரில் டெண்டுல்கர் கராச்சியில் தம் முதல் தேர்வுப் போட்டியில் ஆடினார். இப்பதிவு இணையத்தில் இன்றும் பலரால் பார்க்கப்படுகிறது.

ஆங்கிலத்தில் தி லாங்கஸ்ட் ரேஸ், ரீரன் அட் ரியால்டோ முதலிய புனைகதை நூல்களை எழுதியுள்ளார்.

== தனி வாழ்க்கை ==

1977-இல் கேரல் எவன்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உள்ளனர். தொழில் காரணமாக மும்பையில் வாழ்ந்தபோதும், முசோரியுடனான தொடர்பை இறுதிவரை பேணி வந்தார்.

== விருது ==

கலைத்துறைப் பங்களிப்புக்காக 2008-ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

== மறைவு ==

தோல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த டாம் ஆல்ட்டர், 2017 செப்டம்பர் 29 அன்று மும்பையில் தம் 67-ஆம் வயதில் காலமானார். இறுதிக் காலம் வரை நடிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் நடித்த சில படங்கள் அவருடைய மறைவுக்குப் பின்னர் வெளிவந்தன.

== நடித்த படைப்புகளுள் சில ==

=== திரைப்படங்கள் ===

* சரஸ் (1976)
* சத்ரஞ்ச் கே கிலாடி (1977) - கேப்டன் வெஸ்டன்
* சாகேப் பகதூர் (1977)
* கிராந்தி (1981)
* காந்தி (1982) - மருத்துவர்
* ராம் தேரி கங்கா மைலி (1985) - கரம் சிங்
* பரிந்தா (1989) - மூசா
* ஆஷிகி (1990)
* சர்தார் (1993) - மவுண்ட்பேட்டன் பிரபு
* வீர்-சாரா (2004) - மருத்துவர் யூசுப்
* பேஜா ஃபிரை (2007)

=== தொலைக்காட்சித் தொடர்கள் ===

* சபான் சம்பால்கே - இந்தி கற்கும் ஆங்கிலேய எழுத்தாளர்
* ஜுனூன் - கேசவ் கல்சி
* பேத்தால் பச்சீசி
* கேப்டன் வியோம்
* சக்திமான் - மகாகுரு

=== மேடை நாடகங்கள் ===

* கோடோவுக்காகக் காத்திருத்தல் (1979)
* மௌலானா ஆசாத் - அபுல் கலாம் ஆசாத்
* காலிப் - மிர்சா காலிப்
* பாபரின் மைந்தர் - பகதூர் ஷா சஃபர்